மச்சானின் சிவப்புப் பூச்சி

என் மனைவிக்கு ஓர் அண்ணன் இருந்தான். அவனால்தான் எங்கள் கலியாணமே நடந்தது. அதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நானும் அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டு நிற்கிற மனிதனை எப்படி வெறுப்பது? பொறாமைப்படத்தான் முடியும். அதைக் குறைவில்லாமல் செய்தேன்.

நான் இணுவிலில் ரேடியோ திருத்துகிறவன். எண்பதுகளின் நடுவில் ஒருநாள், வல்வெட்டித்துறையில் ஒரு வீட்டு ரேடியோ வாய் திறக்கவில்லை என்று ஆள் அனுப்பினார்கள். கப்பலில் வேலை செய்யும் மகன் யப்பானிலிருந்து கொண்டுவந்த ரேடியோ. என் கடையை விட அது கொஞ்சம்தான் சிறிது. கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு பல்லி செத்துக் கிடந்தது. அதைக் கையால் எடுத்து எறிந்ததும் ரேடியோ பேசத் தொடங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அந்த வீட்டுப் பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அதோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

இரண்டு வீட்டாரும் சம்மதிக்கவில்லை. புகையிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பெடியனுக்குக் கடற்கரைப் பெண்ணா என்று எங்கள் பக்கம் கேட்டது. நண்டு உடைக்கத் தெரியாதவனுக்குப் பெண்ணா என்று அவர்கள் பக்கம் கேட்டது. லீவில் வந்த அந்தக் கப்பல்கார அண்ணன்தான் இரண்டு பக்கமும் போய்க் கதைத்தான். "செத்த பல்லியையே கையாலை தூக்கினவன். என்ரை தங்கச்சியைக் கைவிடுவானோ?" என்று கேட்டானாம். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வாயோடு சம்மதித்தார்கள். ஊரிலேயே பெரிய பகிடிக்காரன் என்று பெயரெடுத்தவன் நான். என் கலியாணமோ இன்னொருத்தனுடைய பகிடியால் நடந்தது. கலியாணப் படத்தைப் பாருங்கள்: என் மனைவி உட்பட எல்லோரும் வெள்ளைக் காற்சட்டை போட்ட அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். கமெராவைப் பார்த்துக்கொண்டு நிற்பது நான் மட்டும்.

தொண்ணூறுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை வந்தது. ரேடியோ திருத்துகிறவனுக்கு வேறு சாபம் தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றிச் செய்தி கேட்கும் வித்தையை வீடு வீடாகப் போய்ப் பூட்டிக் கொடுத்துத்தான் வயிறு கழுவினேன். மண்ணெண்ணெயைத் துளித் துளியாக விட்டு விளக்கெரித்த காலம். சீனி இல்லாமல், இனிப்பைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்த காலம். அந்தக் காலத்தில் ஒரு புரட்டாதி மாதம் மச்சான் வந்து சேர்ந்தான்.

கடனீரேரியைப் படகில் கடந்து வந்தவன், படலையடியில் நின்று "மச்சான்" என்று கூப்பிட்டபோது எனக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. அந்த வெள்ளைக் காற்சட்டையை இடுப்பில் கயிற்றால் கட்டியிருந்தான். கன்னம் உள்ளே போயிருந்தது. என் மனைவி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுதாள். நான் வேலைக்குப் போய்த் திரும்பி வந்தால் "வாசலிலை சேறு, காலைக் கழுவுங்கோ" என்பதுதான் வரவேற்பு.

அடுத்த நாள் கிணற்றடியில் எனக்குத்தான் முதலில் சொன்னான்.

"மச்சான், ஒண்டு சொல்லுறன். கேட்டுப்போட்டு நீ என்னை வெளியிலை போ எண்டாலும் நான் கோவிக்க மாட்டன்."

"ஏன், கப்பலைக் களவெடுத்துக்கொண்டு வந்திட்டியோ?"

"ரத்தத்திலை எயிட்ஸ் கிருமி இருக்காம். கம்பனிக்காரன் சோதிச்சுப்போட்டு இறக்கிவிட்டிட்டான். மாசக்கணக்கா வயிறு நிக்குதில்லை. தின்னுறதெல்லாம் தண்ணியாப் போகுது."

கயிறு கையிலிருந்து நழுவி வாளி கிணற்றுக்குள் தடாலென்று விழுந்தது. இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம்.

"வாளி போயிட்டுது" என்றான்.

"நீ இருக்கிறியெல்லோ" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியாது. அதைக் கேட்டு அவன் அழத் தொடங்கினான். நான் பகிடி விட்டால் அவன் அழுகிறான், அவன் பகிடி விட்டால் ஊர் சிரிக்கிறது. என்ன நியாயம் இது?

என் மனைவிக்கு அவனே சொன்னான். அவள் எழும்பிக் குசினிக்குள் போய் முட்டைக் கோப்பி அடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

அந்த முட்டையைப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு கோழி. அது நினைத்தால் ஒரு முட்டை இடும். அந்த முட்டை கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னுடையது. கோழிக்கும் அது தெரியும். இட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் கொக்கரிக்கும். மச்சான் வந்த நாளோடு முட்டை கைமாறியது. கோழியும் கட்சி மாறி, அவன் படுத்திருக்கும் சாக்குக் கட்டிலுக்குக் கீழேயே போய் இடத் தொடங்கியது.

அக்கம்பக்கத்துக்கு "கப்பல் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை" என்று சொல்லி வைத்தோம். அவர்களும் இளநீர், மாதுளம்பழம், பொரித்த அரிசிமா என்று கொண்டுவந்து குவித்தார்கள். முந்திய வருடம் மஞ்சட்காமாலையில் நான் கிடந்தபோது ஒரு கட்டுக் கீழ்க்காய்நெல்லியைத் தவிர ஒன்றும் வரவில்லை. வந்த பெண்கள் போகாமல் இருந்து பனாமாக் கால்வாய்க் கதை கேட்டார்கள். ஒரு கப்பலை எப்படித் தண்ணீர்ப் படியில் ஏற்றி மறுபக்கம் இறக்குகிறார்கள் என்று அவன் கைகளால் காட்டுவான். பாதியில் எழும்பிக் கக்கூசுக்கு ஓடுவான். கப்பல் அந்தரத்தில் நிற்கும், அவர்களும் காத்திருப்பார்கள். நான் அந்த இடைவெளியில் ஒரு பகிடி விட்டுப் பார்த்தேன். "உவர் கொஞ்சம் சும்மா இருக்க மாட்டாரே" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

ஒருநாள் அவன் பாதி குடித்துவிட்டு வைத்த முட்டைக் கோப்பி மேசையில் இருந்தது. எனக்கு அந்த நோயைப் பற்றிப் பயம் இல்லாமல் இல்லை. அவனுக்குத் தனிக்கோப்பை வைக்கலாமோ என்றுகூட உள்ளுக்குள் யோசித்திருக்கிறேன். ஆனால் நுரை இன்னும் அடங்காமல் இருந்தது. முட்டை என்னுடையது. பயமும் பொறாமையும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டின. பொறாமை வென்றது. ஒரே இழுப்பில் குடித்து முடித்தேன். பிறகு இரவு முழுக்கப் பயம் வந்து தன் பங்கைக் கேட்டது.

ஆகவே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, நோயாளியை விட நான்தான் கூட நடுங்கினேன். ஒரு பெண் டொக்டர். நித்திரை இல்லாத கண்கள். அவனை வடிவாகச் சோதித்தார். கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார். நான் கோப்பிக் கதையை மெல்ல அவிழ்த்தேன்.

"அதாலை ஒண்டும் வராது. சேர்ந்து இருக்கலாம், ஒரு கோப்பையிலை சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம்" என்றார். "மற்றப் பக்கத்தைத்தான் யோசிக்கோணும். அவருக்குத்தான் உங்களாலை வரும். உங்கடை கை, உங்கடை கிணறு, நீங்கள் கழுவாமல் தின்னுற கீரை. உங்கடை வயித்திலை நாலு நாள் இருந்திட்டுப் போற பூச்சி, அவரின்ரை வயித்திலை குடியேறிடும். விரட்ட அவரின்ரை உடம்பிலை ஆள் இல்லை."

ஆக, தொற்று விஷயத்திலும் அவன்தான் சுத்தமானவன், நான்தான் அழுக்கு. அதிலாவது ஒரு படி மேலே நிற்கலாம் என்று நினைத்திருந்தேன்.

"கிருமிக்கு எங்களிட்டை மருந்தில்லை" என்றார் டொக்டர், இந்த முறை அவனைப் பார்த்து. "உங்களுக்கு ஒளிக்கேல்லை. ஆனா உங்களைக் கரைக்கிறது இப்ப வயிறுதான். அதைப் பிடிச்சு நிப்பாட்டினா நீங்கள் நிப்பியள். நிப்பாட்டாட்டி இந்த மாரி தாண்டுறது கஷ்டம்."

மச்சான் கதிரையை டொக்டர் பக்கம் இழுத்துப் போட்டான்.

"டொக்டர், ஒரு பிளா கூழ் குடிக்கலாமோ?"

"என்னது?"

"ஒடியற் கூழ். நண்டு போட்டு. மூண்டு வருசமாக் கப்பலிலை அதை நினைச்சுக்கொண்டுதான் படுக்கிறனான். இஞ்சை வந்தா, தங்கச்சி கஞ்சித்தண்ணி வடிச்சுத் தாறாள்."

டொக்டர் சிரித்தார். அந்த நித்திரை இல்லாத முகம் அப்படியே விடிந்தது. நான் கோப்பிக் கதையை எவ்வளவு நகைச்சுவையோடு சொல்லியிருந்தேன்! உதடுகூட அசையவில்லை.

"வயிறு நிண்டு ஒரு கிழமை போகட்டும். பிறகு கூழ்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாம் அந்தக் கூழை நோக்கித்தான் நடந்தது. வயிறு நிற்பது என்றால் கூழ். கூழ் என்றால் இந்த மாரியைத் தாண்டுவது.

சாதாரணச் சோதனையில் ஒரு பூச்சியும் அகப்படவில்லை. "கயரோகச் சளிக்குப் போடுற சிவப்புச் சாயத்தை இதுக்கும் போட்டுப் பாப்பம். சிலது அப்பிடித்தான் தெரியும். இன்னொரு போத்தில் கொண்டு வாங்கோ" என்று சொல்லி விட்டார் டொக்டர்.

கொண்டுபோகிற வேலை யாருக்கு விழும்? ஜாம் போத்தில் ஒன்றில் மச்சானுடைய சரக்கை மூடி, துணி சுற்றிப் பையில் போட்டு, சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு இணுவிலிலிருந்து புறப்பட்டேன். ஐப்பசி மழை. வழியில் ஒருவன் சைக்கிளில் என்னோடு ஒட்டிக்கொண்டான். பை ஆடுகிற விதத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"அண்ணை, மண்ணெண்ணையோ?"

"இல்லைத் தம்பி."

"எங்கை எடுத்தனீங்கள்? சங்கக்கடையிலையோ?"

"வீட்டிலை."

"வீட்டிலையோ! குடுத்து வைச்சனீங்கள். ஒரு கால் போத்தில் எண்டாலும் ஊத்தி விடுங்கோவன். பிள்ளை படிக்கிறவள்."

வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவன் என்னைப் பொறாமையோடு பார்த்தான். அந்தச் சுகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. "திரும்பி வரேக்கை பாப்பம்" என்று பெரிய மனிதனைப் போலச் சொல்லிவிட்டு மிதித்தேன்.

ஆய்வுகூடத்தில் இருந்தவர் கண்ணாடித் துண்டில் பூசி, சாயம் போட்டுச் சூடாக்கி எல்லாம் செய்து முடித்தார். பிறகு யன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தார். கரும் மழை.

"மைக்கிறஸ்கோப்புக்குக் கீழை ஒரு கண்ணாடி இருக்கு, அதாலை வெயிலைப் பிடிச்சுத்தான் பாக்கிறம். இண்டைக்குப் பகலும் இருட்டு. வெயில் வந்தாப் பாப்பம்."

"எப்ப வரும்?"

"மாரி முடிய."

மாரி முடிய! டொக்டர் சொன்ன கணக்கும் மாரியோடுதானே முடிகிறது. நான் வெளியே போய்ச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆய்வுகூட வாசலில் கவிழ்த்து வைத்தேன். டைனமோவிலிருந்து வயரை யன்னலால் இழுத்து, சைக்கிள் லைற்றைக் கழற்றி அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கட்டினேன். பெடலைக் கையால் சுற்றினேன்.

"ஆ! வருது, வருது! அண்ணை விடாதேங்கோ!"

சுற்றினேன். கை மாறிச் சுற்றினேன். உள்ளே அவர் கண்ணாடித் துண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரக்கி அரக்கித் தேடினார். எனக்கு முதுகால் தண்ணீர் ஓடியது. திடீரென்று தேடுவதை நிறுத்தினார். பிறகு அவர் ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்தார். டொக்டர் பார்த்தார். இன்னொரு டொக்டரும் வந்து பார்த்தார். மச்சானும் அன்று, நான் புறப்பட்ட பிறகு, சேலைன் ஏற்ற என் மனைவியோடு வார்டுக்கு வந்திருந்தான். அவனையும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டினார்கள்.

"அருமையா இருக்கு" என்றார் இரண்டாவது டொக்டர்.

"நானும் ஒருக்காப் பாக்கட்டோ?" என்று வாசலில் இருந்து கேட்டேன்.

"நீங்கள் பாக்க வந்தா லைற் நிண்டிடும், அண்ணை."

அதுதான் என் நிலைமை. நான் வெளிச்சம் போட வேண்டும், மற்றவர்கள் பார்க்க வேண்டும். "மச்சான்!" என்று உள்ளே இருந்து அவன் குரல் வந்தது. "என்ன வடிவு தெரியுமே! நீலக் கடல். அதிலை சிவப்பு வள்ளங்கள் மிதக்குது. என்ரை வயித்துக்குள்ளை ஒரு துறைமுகமே இருந்திருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அது பேர் வாயில் நுழையாத பூச்சி. இரத்தத்தில் அந்தக் கிருமி உள்ளவர்களின் குடலைப் பிடித்தால் இலேசில் விடாதாம். ஆனால் அதற்கு மருந்து உண்டு, அதுவும் சளிக்காய்ச்சலுக்குக் கொடுக்கிற சாதாரண வெள்ளைக் குளிசை. சாவு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதிக்கு ஆஸ்பத்திரி அலுமாரியிலேயே மாற்று இருந்திருக்கிறது. அந்தத் தட்டுப்பாட்டிலும் டொக்டர் எங்கேயோ தேடி எடுத்துத் தந்தார். வெளியே வரும்போது எனக்கு ஒரு சொல் சொன்னார்: "அந்த டைனமோவைக் கழட்ட வேண்டாம்." அந்தச் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்சும் இல்லாத றோட்டில் நடந்து வீடு வந்தேன். அன்றிலிருந்து ஓர் ஓட்டைச் சைக்கிளை இரவல் வாங்கி ஓடினேன்.

குளிசை தொடங்கிக் கொஞ்ச நாளில் மச்சானுடைய வயிறு நின்றது. பனாமாக் கால்வாயைக் கப்பல் ஒரே மூச்சில் கடந்தது. என் மனைவி காய்ந்த பனங்கிழங்கை இடித்துக் கூழுக்கு ஒடியல் மா ஆக்கி வைத்தாள். பேணிக்குள் போட்டு மூடி, உறியில் தூக்கிவிட்டாள், நான் எடுத்துவிடுவேன் என்பதுபோல.

கார்த்திகையில் திரும்பவும் தொடங்கியது.

அன்று காலையில் அவன் கக்கூசிலிருந்து வந்து கட்டிலில் இருந்த விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. பகிடி விடவில்லை. "அந்த மாவை வேறை ஆருக்கும் குடுத்திடு தங்கச்சி, பழுதாப் போயிடும்" என்றான். என் மனைவி அடுப்படிக்குப் போனாள்.

திரும்ப ஆஸ்பத்திரி, திரும்பப் போத்தில், திரும்பக் கை வலிக்கச் சுற்றினேன். இந்த முறை நான் சும்மா போகவில்லை. என்னுடையதையும் ஒரு போத்திலில் கொண்டுபோனேன்.

"இது ஆற்றை?"

"என்ரை. அதையும் பாருங்கோ. எனக்கும் வயிறு ஒரு மாதிரி."

ஆய்வுகூடக்காரர் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கொழுக்கிப்புழு அண்ணை."

"வடிவா இருக்கோ?"

"வெறுங்காலோடை திரியிற எல்லாருக்கும் இருக்கிறதுதான்." அதற்குச் சாயமும் தேவைப்படவில்லை, ஒரு டொக்டரும் ஓடி வரவில்லை. ஒரே ஒரு குளிசை. என் வயிற்றில் இருந்ததுகூடச் சாமானியப் புழுவாகத்தான் இருந்தது.

மச்சானுடைய போத்திலில் பழைய சிவப்பு வள்ளம் இல்லை. வேறொன்று வந்திருந்தது. டொக்டர் எங்கள் மூவரையும் இருத்தி வைத்துக்கொண்டு கேட்டார்.

"பழையது போயிட்டுது. இது புதுசு. தண்ணியாலைதான் வந்திருக்கோணும். தண்ணி கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறனீங்கள்?"

"ஓம் டொக்டர்" என்றாள் என் மனைவி. "ஈர விறகை ஊதி ஊதி, துள்ளித் துள்ளிக் கொதிக்க விட்டுத்தான் இறக்கிறனான். ஒருநாளும் பிழைக்கேல்லை."

"பச்சையா ஏதும் சாப்பிட்டவரோ? இளநி? பழம்?"

"தோலுரிச்சுத்தான். கத்தியும் சுடுதண்ணியிலை கழுவித்தான்."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப எப்பிடி? இப்பிடி ஒவ்வொண்டா வந்துகொண்டு இருந்தால் என்னாலை பிடிக்கேலாது." என் மனைவியின் கண் நிறைந்தது. அவள் இவ்வளவு செய்தும் பிழை பிடிக்கிறார்களே என்று அவளுக்காகப் பரிந்து பேசத்தான் வாயைத் திறந்தேன். வழியில் பொறாமை ஏறிக்கொண்டது.

"டொக்டர், அவளிலை ஒரு பிழையும் சொல்லேலாது. தமையனுக்கு அவள் தண்ணி குடுக்கிற வடிவை நீங்கள் பாக்கோணும். நான் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு இருக்கிறனான். மூக்குப்பேணியிலை சுடுதண்ணியை வாப்பாள். வாய் சுட்டுப்போடும் எண்டு புறங்கையிலை ஒரு சொட்டு விட்டுப் பாப்பாள். பிறகு உள்ளங்கையைக் குழிச்சு ஒரு சிரங்கை பச்சைத்தண்ணி விட்டு விளாவி, திருப்பியும் விட்டுப் பாத்து, இன்னும் அரைச் சிரங்கை விட்டு, பதமான சூட்டிலை கொண்டுபோய்க் குடுப்பாள். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை எனக்கு ஒருநாளெண்டாலும்..."

"நில்லுங்கோ" என்றார் டொக்டர். "பச்சைத்தண்ணியோ?"

"ஓம்."

"எங்கத்தைத் தண்ணி?"

"கிணத்துத் தண்ணி. எங்கடை இணுவில் கிணறு, நல்ல தண்ணி டொக்டர்..."

சொல்லிக்கொண்டு போகும்போதே என் குரல் தேய்ந்தது. குளிக்கிற தண்ணீரையும் குடிக்கிற சுடுதண்ணீரையும் விளாவித்தான் நாங்கள் பழகியிருந்தோம். கொதித்த தண்ணீரைக் கொதித்தபடி ஒருவருக்குக் கொடுப்பது மரியாதையில்லை. கொதிக்க வைக்கச் சொன்னவர் விளாவக் கூடாது என்று சொல்லவில்லை. விளாவுகிறவளுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகத் தெரியவில்லை. ஊதி ஊதிக் கொன்ற பூச்சியை, அன்பு மிகுந்து, கைச் சிரங்கையால் அள்ளித் திரும்பப் போட்டிருக்கிறாள்.

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"தங்கச்சி" என்றான் மச்சான். "இஞ்சை பார். உன்ரை கையாலை வந்த பூச்சியெண்டபடியாலைதான் இவ்வளவு காலம் என்னைக் கொல்லாமல் மரியாதையா இருந்தது."

அவள் முந்தானைக்குள் அழுதுகொண்டே சிரித்தாள். டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் இப்பிடி எரிஞ்சு எரிஞ்சு பாத்துக்கொண்டு இருக்காட்டி நாங்கள் இதைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டம்."

பொறாமைக்காக ஒருவன் பாராட்டுப் பெற்றது யாழ்ப்பாண ஆஸ்பத்திரிச் சரித்திரத்தில் அதுதான் முதல்முறையாக இருக்கும். அதையும் முழுதாக அனுபவிக்க விடவில்லை. "உங்கடை புழுவுக்கும் குளிசை போடுங்கோ. அவர் இருக்கிற வீட்டிலை உதெல்லாம் வைச்சிருக்கக் கூடாது" என்று, ஏதோ நான் ஆசைக்கு வளர்க்கிறதைப் போலச் சொல்லி அனுப்பினார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரே பானைதான். எல்லோருக்கும் கொதித்துத் தானாக ஆறிய தண்ணீர். இரண்டு பானை வைத்தால் கை மாறிவிடும் என்று என் மனைவி தீர்மானித்துவிட்டாள். வாளியால் அள்ளி அண்ணாந்து மடமடவென்று குடிக்கிற என் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரும் அவனால் போனது. கிணற்றுப் பக்கம் நான் போனாலே "எங்கை போறியள்?" என்று குசினியிலிருந்து குரல் வரும். முன்பெல்லாம் நான் எங்கே போகிறேன் என்று அவள் கேட்டதே இல்லை. அதில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

புதுக் குளிசை வேலை செய்தது. வயிறு நின்றது. நின்றபடியே ஒரு கிழமை போனது. மார்கழியில், திருவெம்பாவை தொடங்கினால் மீன், நண்டு என்று மச்சம் எதுவும் கூடாது என்று அவசரப்பட்டு, ஒரு பின்னேரம் முற்றத்தில் அடுப்பு மூட்டிக் கூழ் வைத்தாள். உறியில் இருந்த மா இறங்கியது. கடலுக்குப் போக முடியாத காலம். கடனீரேரி நண்டும் இறாலும்தான் அகப்பட்டன. பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, அரைத்த செத்தல்மிளகாய், பழப்புளி. மிளகாயை மட்டும் தமையனுக்காகக் கொஞ்சம் குறைத்தாள்.

"டொக்டரிட்டைக் கேட்டனான்" என்றான் மச்சான், பானையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற சாமான் எண்டால் பயமில்லையாம். உலகத்திலை கூழுக்கு மட்டும்தான் ஒருத்தரும் பச்சைத்தண்ணி விளாவிறேல்லை!"

சுடுதண்ணீரில் கழுவிய பனையோலைப் பிளாவில் அவனுக்கு முதல் வார்வை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். மூக்கால் நீர் வடிந்தது. நண்டுக்கால்களில் பெரியது அவன் பிளாவுக்குள் போனதை நான் கண்டேன். கணக்குச் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன், ஆனால் பெரியவை எல்லாமே அங்கேதான் போயின. அவன் இன்னொரு பிளா கேட்டான். நானும் கேட்டேன். அவன் திரும்பவும் நீட்டினான். நானும் நீட்டினேன். அவனுக்கு மூன்று வருடப் பசி. எனக்கு என்ன பசி? ஆனாலும் அவன் கை நிற்கும்வரை என் கை நிற்கவில்லை. அடிக்கூழ், அந்தத் தடிப்பான, எல்லா இறாலும் இறங்கிக் கிடக்கிற அடிக்கூழ், அதை மட்டும் நான் பானையைக் கவிழ்த்து என் பிளாவுக்குள் விட்டுக்கொண்டேன்.

அன்று இரவு மூன்று பேரும் காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தோம். கக்கூஸ் கதவு கிறீச்சிட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம்.

விடியப்புறம் கிறீச்சிட்டது. என் மனைவி பதறி எழும்பி ஓடி வந்தாள். உள்ளே இருந்தது நான்.

எத்தனை தரம் போய் வந்தேன் என்பது என் மானத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு கட்டத்தில் வாளியும் கையுமாக நான் வெளியே வந்தபோது, மச்சான் முற்றத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். கல் மாதிரி நின்றான்.

"என்ன மச்சான், உன்ரை கப்பல் கால்வாய்க்குள்ளை இறங்கிட்டுதோ?"

"சிரியாதை. உன்ரை பூச்சி எனக்கு வந்திட்டுது."

"என்ரை பூச்சிக்கு நல்ல இடங்கள் தெரியும், அது உன்னட்டை ஏன் வருது?"

என் மனைவி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அண்ணனின் வயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போனாள். எனக்குத்தான் முட்டைக் கோப்பி என்று நினைத்து நான் வாசலில் இருந்தேன். வந்தது கஞ்சித்தண்ணி. கோப்பி என்னைத் தாண்டிப் போனது.

சோதித்தே ஆகவேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். இரவல் சைக்கிளை மிதிக்க எனக்குத் தெம்பில்லை. "ஏறு பின்னாலை" என்றான் மச்சான். வந்த நாளிலிருந்து சைக்கிள் தொடாதவன். இணுவிலிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும், இடைக்கிடை இளைத்து நின்று, திரும்ப ஏறி, என்னைப் பின்னால் வைத்து அவன்தான் மிதித்தான். போத்தில் என் மடியில் இருந்தது. தெரிந்தவர்கள் வழியில் கண்டு, "என்ன, ஆளுக்குச் சுகமில்லையோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். அந்தக் கேள்வி எவ்வளவு இனிமையாக இருந்தது!

ஆய்வுகூட வாசலில் என் சைக்கிள் இன்னும் கவிழ்ந்தபடி நின்றது. வானம் மூடியிருந்தது. நான் பெடலைப் பிடிக்கப் போனேன்.

"தள்ளு" என்றான். "உன்ரை பூச்சி. நான் சுத்துறன்."

நிலத்தில் குந்தியிருந்து சுற்றினான். கயிறு கட்டியிருந்த காற்சட்டையில் அந்தக் கயிறு இடுப்புக்கு இடம் விட்டு ஒரு முடிச்சு இளகியிருந்ததை அப்போதுதான் கண்டேன். ஆய்வுகூடக்காரர் கண்ணாடித் துண்டை வைத்து, குனிந்து, கன நேரம் தேடினார்.

"ஒண்டும் இல்லை அண்ணை. கொழுக்கிப்புழுவும் போயிட்டுது. கூழ் கொஞ்சம் கூடிப்போச்சுப்போலை."

"வடிவாப் பாருங்கோ."

"நீங்களே வந்து பாருங்கோவன்."

அப்படித்தான் கடைசியில் அந்த மைக்கிறஸ்கோப்பில் நானும் கண் வைத்தேன். நீலக் கடலும் இல்லை, சிவப்பு வள்ளமும் இல்லை. அங்கங்கே சில தூசு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெளிச்சம், அதுவும் அவன் சுற்றுகிற வெளிச்சம். கொஞ்சம் மங்கும், உடனே கூடும். வெளியே அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"என்ன மச்சான் தெரியுது?"

"ஒண்டும் இல்லையடா."

"அவசரப்படாமல் பார்" என்றான். "நான் நிப்பாட்ட மாட்டன்."